எண்ணாமல் விட்டால் மறைக்கவே வேண்டாம்

கேள்வி: கையில் செல்போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் செய்தியாளர் ஆகிவிட்ட காலம் இது. இனி எந்த அரசாங்கத்தால் எதை மறைக்க முடியும்? தணிக்கை, தணிக்கை என்று பத்திரிகைக்காரர்கள் இன்னும் புலம்புவது பழைய பழக்கம்தானே?

பதில்: செல்போன் எதைப் படம் பிடிக்கும்? கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பிடிக்கும். தடியடியைப் பிடிக்கும், இடிந்து விழுந்த பாலத்தைப் பிடிக்கும், அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை, போன வருஷத்துக்கு இந்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறியது, ஒரு கொள்ளைநோயில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை எந்தக் கேமராவும் பிடிக்காது. அதையெல்லாம் ஆள் வைத்து எண்ண வேண்டும். எண்ணுகிறவர் அரசு ஊழியர், படிவத்தில் எந்தக் கேள்வி இருக்கலாம் என்று தீர்மானிப்பது அரசு, எண்ணி முடித்ததை எப்போது வெளியிடலாம் என்று நாள் குறிப்பதும் அரசு. தணிக்கை என்றதும் நீங்கள் பத்திரிகை வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கிற அதிகாரியை நினைக்கிறீர்கள். அவர் அடித்தாலாவது அடித்த இடம் தெரியும். எண்ணாமலே விடப்பட்ட கணக்குக்கு அந்தத் தடயம்கூட இல்லை, என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

சோவியத் ஒன்றியத்தில் 1937 ஜனவரியில் நாடு முழுக்க ஒரே இரவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஸ்டாலின் கட்சி மாநாட்டில் நாட்டின் மக்கள்தொகை 16.8 கோடி என்று சொல்லியிருந்தார். அப்புறம் கூடியிருக்கத்தானே வேண்டும்? எண்ணிப் பார்த்தால் 16.2 கோடி. ஸ்டாலின் அப்படிச் சொல்வதற்கு முன்பே, 1932-33ல், உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்திருந்தார்கள், அப்படி ஒரு பஞ்சமே இல்லை என்று அரசு சாதித்துக்கொண்டிருந்தது. வாயால் மறைத்ததைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. புள்ளியியலின் அடிப்படை விதிகளையே மீறிவிட்டார்கள் என்று சொல்லி அந்தக் கணக்கெடுப்பைச் செல்லாது என்று அறிவித்தார்கள். நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தார்கள். பொறுப்பாளராக இருந்த க்விட்கின் சுட்டுக்கொல்லப்பட்டார். 1939ல் மறுபடி எண்ணினார்கள், 17 கோடி வந்தது. வராமல் எப்படி இருக்கும்? குறைத்துச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்று எண்ணப் போன ஒவ்வொருவருக்கும் தெரியுமே. அந்த 1937 படிவத்தில் கடவுள் நம்பிக்கை உண்டா என்றும் ஒரு கேள்வி இருந்தது. நாத்திகத்தையே கொள்கையாக வைத்திருந்த ஆட்சியில், அரசு ஊழியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உண்டு என்றே பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அவர்கள் சொன்ன பதில் அச்சில் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இது சர்வாதிகாரி கதை என்பீர்கள். சரி, தேர்தல் நடக்கிற நாட்டுக்கே வருவோம். அர்ஜென்டினாவில் அரசின் புள்ளிவிவர நிறுவனத்தில் விலைவாசிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெண்மணியிடம், எந்தெந்தக் கடைகளில் விலை எடுக்கிறீர்கள், பட்டியலைக் கொடுங்கள் என்று அரசு தரப்பில் கேட்டார்கள். அவர் தர மறுத்தார், சட்டப்படி அது ரகசியம். ஏன் ரகசியம் என்று யோசித்துப் பாருங்கள். கடைப் பெயர்கள் தெரிந்துவிட்டால் அந்தக் கடைக்காரர்களை மட்டும் பிடித்து விலையைக் குறைக்க வைத்தால் போதும், நாடு முழுக்க விலை குறைந்ததாகக் கணக்கு வந்துவிடும். 2007 தொடக்கத்தில் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து தூக்கினார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அரசுக் கணக்கில் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது, வெளியே தனியாகக் கணக்கிட்ட பொருளாதார வல்லுநர்களுக்கோ 20ஐத் தாண்டி வந்தது. 2011ல் அந்த வல்லுநர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் பெசோ அபராதம் போட்டார்கள். அந்த நாட்டில் கடைக்குப் போன எல்லோருக்கும் விலை ஏறியது தெரியும், அவர்களிடமும் செல்போன் இருந்தது. ஆனால் பணவீக்கத்தோடு இணைத்த அரசுக் கடன்பத்திரங்களில் பணம் போட்டவர்களுக்கு அரசு சொன்ன கணக்குப்படிதான் பணம் வந்தது.

பொய்க் கணக்கு எழுதுவதற்குக்கூடக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். தாமதப்படுத்துவதற்கு அதுவும் தேவையில்லை. இந்தியாவில் 2017-18க்கான வேலைவாய்ப்பு ஆய்வு முடிந்து அறிக்கை தயாரான பிறகும் வெளிவரவில்லை, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர் 2019 ஜனவரியில் விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்பது ஒரு பத்திரிகையில் கசிந்தபோது, அது இன்னும் இறுதியாகாத அறிக்கை என்று அரசு சொன்னது. தேர்தல் முடிந்தது, மே 30 அன்று புதிய அரசு பதவியேற்றது, மறுநாள் அறிக்கை வெளியானது. எண் அதே 6.1தான். ஓட்டுப் போடுகிறவருக்கு ஓட்டுப் போட்ட பிறகு கிடைக்கிற தகவலை என்னால் தகவல் என்று ஏற்க முடியவில்லை.

இப்போது உங்கள் செல்போனுக்கே வருகிறேன். முதல் வழி, அதை வேலை செய்யாமல் ஆக்குவது. எகிப்தில் 2011 ஜனவரி 28 அதிகாலைக்குள் கிட்டத்தட்ட நாடு முழுக்க இன்டர்நெட்டை நிறுத்தினார்கள், ஐந்து நாள் இருட்டு. ஜம்மு-காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டித்த பிறகு 4ஜி முழுமையாகத் திரும்ப ஒன்றரை வருஷம் பிடித்தது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்ட வேண்டாம்.

போன் வேலை செய்தது, பார்த்தவரே எழுதினார், அப்போது என்ன ஆகும்? வூஹானில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங், 2019 டிசம்பர் 30 அன்று தன்னுடன் படித்த மருத்துவர்களின் குழுவில், சார்ஸ் போன்ற நோயோடு ஏழு பேர் வந்திருக்கிறார்கள், கவனமாக இருங்கள் என்று செய்தி போட்டார். நான்கு நாள் கழித்துக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாளைப் பின்னர் அவரே வெளியிட்டார். பொய்யான தகவலைப் பரப்பினீர்கள் என்று சொல்லிவிட்டு, கீழே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இனி இப்படிச் செய்யாமல் இருக்க உங்களால் முடியுமா? பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறார்: முடியும். புரிந்துகொண்டீர்களா? புரிந்துகொண்டேன். இரண்டின் மீதும் சிவப்பு மையில் விரல் ரேகை. 2020 பிப்ரவரி 7ல் அதே நோயில் அவர் இறந்தார். மார்ச்சில் அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

அவர் எழுதியது தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவரை நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்தார்கள். ரஷ்யாவில் 2022 மார்ச்சில் வந்த சட்டமும் இதே வேலைக்குத்தான், ராணுவத்தைப் பற்றி அரசு 'பொய்' என்று கருதுகிற எதைப் பரப்பினாலும் 15 வருஷம் வரை சிறை. எது பொய் என்று சொல்லும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்ட பிறகு தனியாக ஒரு தணிக்கை அலுவலகம் எதற்கு?

இன்னொரு வழி, நீக்கவே வேண்டாம், மூழ்கடித்தால் போதும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கேரி கிங் குழு 2017ல் வெளியிட்ட ஆய்வில், சீன அரசுக்காக வேஷம் போட்டு எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஏறக்குறைய 44.8 கோடி சமூக ஊடகப் பதிவுகள் போடுகிறார்கள் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பவர்களோடு சண்டை போடவே இல்லையாம். பண்டிகை வாழ்த்து, தேசத்தின் பெருமை, வீரர்களுக்கு அஞ்சலி என்று பேச்சைத் திருப்பிவிடுகின்றன. ஆயிரம் பதிவுக்கு நடுவே உங்கள் வீடியோவும் இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள், பார்க்கத்தான் ஆள் இருக்காது.

புலம்பல் என்றீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் வல்லுநர்களை அபராதத்தால் மிரட்டியபோது எதிர்க்கட்சி எம்.பி.க்கள், எங்களுக்கு நாடாளுமன்றப் பாதுகாப்பு இருக்கிறது, நாங்கள் சொல்கிறோம் என்று முன்வந்து, அந்த வல்லுநர்களின் கணக்குகளுக்குச் சராசரி எடுத்து மாதாமாதம் அறிவித்தார்கள். 2013ல் பன்னாட்டு நிதியமே அந்த நாட்டு அரசின் புள்ளிவிவரத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. இப்படி யாராவது பிடிவாதமாக எண்ணிக்கொண்டே இருந்தால்தான் இது நடக்கும். ஆவணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை ஸ்வீடன் 1766லேயே சட்டமாக்கியது, இந்தியாவில் 2005ல் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகத் தெரியும்: 'கோரப்படும் தகவல் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை.' மறுப்பு என்றால் மேல்முறையீடு செய்யலாம், தொகுக்கவே இல்லை என்றால் எதை எதிர்த்து முறையிடுவது?

உங்கள் போனிலேயே ஒன்று செய்து பாருங்கள். உங்களுக்கு முக்கியம் என்று படுகிற ஏதாவது ஒரு கணக்கை, மரணமோ, வேலையோ, மக்கள்தொகையோ, அரசு இணையதளத்தில் தேடி, கடைசியாக எந்த ஆண்டுக்கு வெளியானது, அடுத்தது எப்போது வந்திருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுதுங்கள், உங்கள் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.