நம்ம குணம் மரபணுவால வருதா, வளர்ந்த சூழலால வருதா?

மரபணுன்னா அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற குறிப்பு, உடம்பு எந்தப் புரதத்தை எப்படி செய்யணும்னு சொல்றது. கோபப்படு, பயப்படுன்னு அதுல எழுதியிருக்காது. சூழல்னா வெறும் வளர்ப்பு மட்டும் இல்ல, கருவுல கிடைச்ச சத்துல இருந்து தூக்கம், நோய், வீட்டு சண்டை, கூட்டாளிங்க வரைக்கும் எல்லாமே.

ரெண்டையும் ஏன் பிரிக்க முடியலன்னா, ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்யணும்ங்கிறதையே சூழல் மாத்தும். கனடாவுல மெக்கில் பல்கலைக்கழக ஆளுங்க எலிகளை வெச்சு பார்த்தாங்க, 2004ல வந்த ஆய்வு. பிறந்த முதல் வாரத்துல தாய் எலி நிறைய நக்கி விட்ட குட்டி வளர்ந்ததும் சட்டுனு பதறாது, கம்மியா நக்குற தாய்க்குப் பிறந்த குட்டியைத் தூக்கி நிறைய நக்குற தாய்கிட்ட விட்டா அதுவும் அமைதியாவே வளருது! பதட்டத்தை அடக்க உதவுற ஒரு மரபணு மேல ஒட்டியிருக்கற வேதிக் குறிதான் மாறுது, மரபணுவோட எழுத்து அப்படியே இருக்கு. மனுஷங்களுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லிட முடியாது, ஆனா படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு.

கை தட்டுற மாதிரிதான் இது. வந்த சத்தத்துல வலது கை எவ்வளவு, இடது கை எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்றது?

அப்புறம், 2015ல, இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் மொத்தமா சேர்த்து, சராசரியா 49% மரபுன்னு ஒரு கணக்கு சொன்னாங்க, அதை நிறைய பேரு "என் குணத்துல பாதி மரபணு"ன்னு எடுத்துக்கறாங்க, அது ஒருத்தரைப் பத்தின கணக்கு இல்லங்க, ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்தைப் பத்தின கணக்கு.