ஏத்தன் பழுக்கவில்லை, எத்ரலைக் கூட்டலாமா?

களக்காடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: “ஓணம் முடிந்ததும் ஏத்தன் வாழைக்காய் விலை விழுந்துவிட்டது. பேரிக்காய் வைக்கிற குளிர்கிடங்கில் போட்டால் காய் நிற்கும் என்றார்கள். 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தேன். வெளியே எடுத்தால் தோல் கறுத்துக் கிடக்கிறது, பழுக்கவே இல்லை. பூச்சிமருந்துக்கடையில் காயைப் பழுக்க வைக்க என்று தந்த எத்ரல் மருந்தில் முக்கியும் கேட்கவில்லை. அளவைக் கூட்டலாமா?”

கூட்டாதீர்கள் அண்ணாச்சி. காய் குளிரில் அடிபட்டுவிட்டது, இனி எந்த மருந்தும் அதை நல்ல பழமாக்காது. ஒரு காயின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், அடியில் பழுப்புக் கோடுகள் ஓடும், அதுதான் அடையாளம். பார்ட்லெட், ஆஞ்சு மாதிரி பேரிக்காய்க்கு 0 டிகிரி பக்கம் சில வாரம் இருந்தால்தான் உள்ளே எத்திலீன், அதாவது காயைக் கனிய வைக்கிற வாயு, ஊறி, வெளியே வந்ததும் சீராகக் கனியும். வாழை வெப்பநாட்டுப் பயிர், 13 டிகிரிக்குக் கீழே போனாலே தாங்காது. உள்ளே வெள்ளையாக இருக்கிற காயைக் கறிக்குத் தள்ளிவிடுங்கள்.

எத்ரலில் முக்கச் சொன்ன கடைக்காரரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். பாட்டிலை விற்பதோடு அவர் வேலை முடிந்தது, தார் உங்களுடையது. காயை அந்தக் கரைசலில் முக்குவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியே கிடையாது, கார்பைடு கல்லுக்கும் தடைதான். அனுமதி இருப்பது எத்திலீன் வாயுவுக்கு, அதுவும் 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. மூடிய அறையில், 16 முதல் 18 டிகிரியில், ஈரப்பதம் குறையாமல் ஒரு நாள் வாயு விட்டு, அப்புறம் அறையைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் நல்ல காய் தானாக நிறம் பிடிக்கும்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, தாரை எந்தப் பக்குவத்தில் வெட்ட வேண்டும் என்பதை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. குலை தள்ளிய வாரமே தண்டில் ஒரு கலர் நாடாவைக் கட்டுங்கள், வாரத்துக்கு ஒரு நிறம். வெட்டுகிற நாளில் வியாபாரி கண்ணால் பார்த்து “முற்றிவிட்டது, போடலாம்” என்று அவசரப்படுத்தும்போது, தாரின் வயதைக் காட்டி அந்த நாடாதான் உங்கள் பக்கம் பேசும். ஒரே தோட்டத்தில் முன்பின்னாகத் தள்ளிய தாரையெல்லாம் ஒரே நாளில் வெட்டி ஒரே அறையில் அடுக்கினால், முற்றியது பழுத்து உதிரும், இளசு ரப்பர் மாதிரி கிடக்கும், பழி எத்ரல் மேல் விழும். இளங்காயை வாயு விட்டு மஞ்சளாக்கலாம், ருசி வராது. தூர சந்தைக்கு முக்கால் பக்குவம் போதும், காயின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்கு விளிம்பு மழுங்கி உருண்டு வரும்வரை மரத்திலேயே விடுங்கள், காற்றுக்கு முட்டுக் கொடுத்து.

அடுத்த தடவை கிடங்கில் வைப்பதாக இருந்தால் 13, 14 டிகிரிக்கு ஒத்துக்கொள்கிற கிடங்கா என்று கேட்டுவிட்டு வையுங்கள். சீப்பாகப் பிரித்து, கழுவி, பால் வடியவிட்டு, கிரேட்டில் அடுக்குங்கள். ஆப்பிளோ பழுத்த மாம்பழமோ இருக்கிற அறை வேண்டாம், அவை விடுகிற எத்திலீனே உங்கள் காயைப் பழுக்க வைத்துவிடும்.