எல்டிஸ்பைஸ் கேள்வி பதில்: 1 மெகா ஓமில் தொடங்கி எல்இடி மாடல் வரை

சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் எல்டிஸ்பைஸ் மென்பொருள் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு மென்பொருளில் இல்லை. நாம் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது.

சார், 1எம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டேன். டைம் கான்ஸ்டன்ட் 1 விநாடி வர வேண்டும். ஆனால் கெப்பாசிட்டர் உடனே சார்ஜ் ஆகிவிடுகிறது.

நீங்கள் போட்டிருப்பது 1 மில்லி ஓம். எல்டிஸ்பைஸுக்கு மூலமான ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது, ‘எம்’ எப்படி அடித்தாலும் மில்லிதான். 1970களில் பெர்க்லியில் அதை எழுதியபோது சர்க்யூட்டை பஞ்ச் கார்டில்தான் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. மெகா வேண்டுமென்றால் எம், இ, ஜி என மூன்று எழுத்தும் அடிக்க வேண்டும். இன்னொன்று, 1எஃப் என்று போட்டால் 1 ஃபாரட் வராது, 1 ஃபெம்டோஃபாரட்தான் வரும். வெறும் 1 போதும்.

பூஸ்ட் கன்வெர்ட்டர் (வோல்டேஜை ஏற்றித் தரும் சர்க்யூட்) ஓட்டினால் பாதியில் ‘டைம்ஸ்டெப் டூ ஸ்மால்’ என்று நின்றுவிடுகிறது. ரெல்டால் (கணக்கில் அனுமதிக்கும் பிழையின் அளவு) மதிப்பை 0.1 ஆக்கினால் சில சமயம் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். ரெல்டாலை முதலில் பழைய 0.001-க்கே கொண்டுவாருங்கள். அதைத் தளர்த்துவது எரரை மறைக்கும், சரிசெய்யாது. அப்படி ஓடி வரும் வேவ்ஃபார்மை நம்பவும் முடியாது.

எரர் செய்தியின் கடைசிப் பகுதியைப் படித்தீர்களா? ‘ட்ரபிள் வித் நோட் என்003’ என்பது போல ஓர் இடத்தைக் காட்டியிருக்கும். உங்கள் சர்க்யூட்டில் அது அநேகமாக இண்டக்டர், ஸ்விட்ச், டையோடு மூன்றும் சேரும் புள்ளியாக இருக்கும். நீங்கள் டையோடை மாடல் எதுவும் தேர்ந்தெடுக்காமல் வெறும் ‘டி’ என்றே விட்டிருக்கிறீர்கள். அதற்கு ஜங்ஷன் கெப்பாசிட்டன்ஸும் பூஜ்யம், சீரீஸ் ரெசிஸ்டன்ஸும் பூஜ்யம். ஸ்விட்ச் திறந்ததும் இண்டக்டரின் கரண்ட் டையோடு வழியாகப் போயாக வேண்டும். அந்தப் புள்ளியில் கெப்பாசிட்டன்ஸ் துளிகூட இல்லாததால் வோல்டேஜ் நேரமே எடுக்காமல் தாவ வேண்டியிருக்கிறது. மென்பொருள் அந்தத் தாவலைப் பிடிக்க நேர ஸ்டெப்பைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கைவிட்டுவிடுகிறது.

டையோடை ரைட் கிளிக் செய்து பட்டியலிலிருந்து ஒரு ஷாட்கி டையோடை எடுங்கள். ஸ்விட்சுக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் போடுங்கள். ஆன் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம் போல ஒரு நிஜ மதிப்பாக இருக்கட்டும். பல்ஸ் சோர்ஸில் ரைஸ், ஃபால் இரண்டுக்கும் 10 நானோ விநாடி கொடுங்கள். அங்கே பூஜ்யம் போட்டால் பூஜ்யம் கிடைக்காது, மென்பொருளே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். பிஹேவியரல் சோர்ஸில் (வோல்டேஜைச் சூத்திரமாக எழுதும் சோர்ஸ்) ‘இஃப்’ போட்டு வோல்டேஜைத் தாவ வைத்திருந்தால், அதை ‘டான்ஹெச்’ சார்பாக மாற்றி வளைவாக ஏற விடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் நின்றால் மென்பொருள் கணக்கிடும் (இன்டக்ரேஷன்) முறையை ‘கியர்’ முறைக்கு மாற்றிப் பாருங்கள். அது கடைசி ஆயுதம்தான்.

230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர். சுற்று விகிதம் 19 என்பதால் இண்டக்டன்ஸையும் 19-க்கு 1 என்று போட்டேன். செகண்டரியில் 52 வோல்ட் வருகிறது!

இண்டக்டன்ஸ் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதனால் விகிதம் 19 அல்ல, சுமார் 367. பிரைமரிக்கு 10 ஹென்றி என்றால் செகண்டரிக்கு 27 மில்லிஹென்றி. அப்புறம், சைன் சோர்ஸில் நீங்கள் போட்ட 230 உச்ச மதிப்பு. வீட்டு லைனின் 230 ஆர்எம்எஸ் மதிப்பு, அதன் உச்சம் 325. இரண்டையும் திருத்தினால் செகண்டரி உச்சம் 17 வோல்ட் வரும். அடுத்து பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வைத்தால், அதில் இரண்டு டையோடு போக சுமார் 15.5. பிரைமரி பக்கமும் ஒரு கிரவுண்ட் வேண்டும். அது திரையில் மட்டும்தான். நிஜ போர்டில் லைன் பக்கத்தையும் செகண்டரியையும் சேர்த்துவிடாதீர்கள்.

அண்ணா, இரண்டு டிரான்சிஸ்டர் மல்டிவைப்ரேட்டர் போர்டில் மின்னுகிறது, எல்டிஸ்பைஸில் நேர்கோடுதான் வருகிறது.

திரையில் உங்கள் இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒன்று. இரண்டும் ஆன் ஆகி அப்படியே உட்கார்ந்துவிடும், கலைக்க நாய்ஸும் கிடையாது. தொடக்க வோல்டேஜைச் சொல்லும் ‘.ஐசி’ கட்டளையில் ஒரு பேஸை 0 வோல்ட்டில் தொடங்க வையுங்கள், ஆட ஆரம்பித்துவிடும்.

தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஆப்ஆம்ப் மாடல் இறக்கினேன். ‘அன்னோன் சப்சர்க்யூட்’ என்கிறது.

ஃபைலை நோட்பேடில் திறந்து, ‘.சப்சர்க்ட்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதை அடுத்து வரும் பெயரை ஓர் எழுத்துகூட மாறாமல் ‘ஆப்ஆம்ப்2’ சின்னத்தின் மதிப்பாகப் போடுங்கள். ஃபைலை உங்கள் ஸ்கிமேட்டிக் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து, ‘.லிப்’ கட்டளையில் அதன் பெயரைக் கொடுங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசியில் ‘.டிஎக்ஸ்டி’யை ஒட்டி, அதைக் காட்டாமலும் மறைத்திருக்கலாம். அதையும் கவனியுங்கள். எரர் போனாலும் அவுட்புட் ஒரு சப்ளையில் ஒட்டிக்கொண்டால் பின் வரிசை தப்பு. மாடலின் மேலே உள்ள விளக்க வரிகளில் வரிசை இருக்கும்.

என்னிடம் உள்ள சிவப்பு எல்இடிக்கு மாடல் கிடைக்கவில்லை. நாமே எழுத முடியுமா?

தாராளமாக. மல்டிமீட்டரும் மாற்றக்கூடிய ஒரு சப்ளையும் போதும். உதாரணத்துக்கு, 0.1 மில்லி ஆம்பியரில் 1.58 வோல்ட், 1 மில்லி ஆம்பியரில் 1.70, 20-ல் 1.95 என்று அளவெடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

கரண்ட் பத்து மடங்காகும்போது வோல்டேஜ் 0.12 ஏறுகிறது. எமிஷன் கோஎஃபிஷியன்ட் (மாடலில் ‘என்’) 1 என்றால் சுமார் 0.06தான் ஏறும். ஆகவே ‘என்’ = 2. அடுத்து ‘ஐஎஸ்’, அதாவது சாச்சுரேஷன் கரண்ட். 27 டிகிரியில் தெர்மல் வோல்டேஜ் 25.85 மில்லிவோல்ட், இரண்டால் பெருக்கினால் 51.7. 1.70-ஐ அதால் வகுத்தால் 32.9. 1 மில்லி ஆம்பியரை, ‘இ’-யின் 32.9 அடுக்கால் வகுத்தால் சுமார் 5×10⁻¹⁸ ஆம்பியர். அபத்தமாகச் சிறிய எண்ணாகத் தெரியும், பயப்பட வேண்டாம். எல்இடிகளுக்கு அப்படித்தான் வரும்.

இந்த இரண்டை மட்டும் வைத்தால் 20 மில்லி ஆம்பியரில் 1.86 வோல்ட்தான் காட்டும். நீங்கள் அளந்தது 1.95. மிச்சமுள்ள 0.09 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் ‘ஆர்எஸ்’ (சீரீஸ் ரெசிஸ்டன்ஸ்) நாலரை ஓம். மூன்று எண்களையும் ‘.மாடல்’ வரியில் எழுதுங்கள். முதல் இரண்டு அளவுகளையும் குறைந்த கரண்டில் எடுப்பது முக்கியம், அங்கேதான் ‘ஆர்எஸ்’ வந்து குழப்பாது. வேகமாக ஸ்விட்ச் செய்யப்போகிறீர்கள் என்றால் டேட்டாஷீட்டில் உள்ள கெப்பாசிட்டன்ஸை ‘சிஜேஓ’வாக (ஜங்ஷன் கெப்பாசிட்டன்ஸ்) சேருங்கள்.

12 வோல்ட் கன்வெர்ட்டர் அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட் செராமிக் போட்டிருக்கிறேன். போர்டில் ரிப்பிள் (டிசி மேல் வரும் ஏற்ற இறக்கம்) திரையில் வருவதைப் போல இரண்டு மடங்கு. மாடல் பொய் சொல்கிறதா?

நீங்கள் கொடுத்த 10-ஐ அது நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறது. எக்ஸ்5ஆர் போன்ற செராமிக்கில் டிசி ஏற ஏற கெப்பாசிட்டன்ஸ் குறையும். சின்ன அளவு பாகங்கள் 12 வோல்ட்டில் பாதிக்கு மேல் இழப்பது சகஜம். தயாரிப்பாளரின் டிசி பயாஸ் வரைபடத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள மதிப்பை எடுத்துப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். கெப்பாசிட்டரை ரைட் கிளிக் செய்தால் சீரீஸ் ரெசிஸ்டன்ஸ், சீரீஸ் இண்டக்டன்ஸ் கட்டங்கள் இருக்கும், அவற்றையும் நிரப்புங்கள்.

போர்டில் அளப்பதிலும் ஒன்று உண்டு. ஸ்கோப் ப்ரோபின் நீளமான கிரவுண்ட் வயரை வைத்து அளந்தால், அந்த வயரே ஸ்பைக்கைப் பிடித்து ரிப்பிளோடு சேர்த்துக் காட்டும். அதைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் கிரவுண்டை கெப்பாசிட்டரின் காலிலேயே வைத்து அளந்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.