48 கிராம் என்றால் ஆபரேஷனா?

கேள்வி: வயது 67. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறேன். போய் நின்றால் உடனே வருவதில்லை, வந்தாலும் சொட்டுகிறது. பேரனைப் பார்க்கப் புதுச்சேரிக்கு பஸ் ஏறும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஸ்கேனில் 'ப்ராஸ்டேட் 48 கிராம், போன பிறகு தங்கும் சிறுநீர் 60 மில்லி' என்று வந்திருக்கிறது. சில்வர் பீச்சில் கூட நடக்கும் நண்பர், "கேன்சரில் கொண்டுபோய் விடும், எடுத்துவிடு" என்கிறார்.

- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஐயா, நண்பரோடு நடப்பதை விடாதீர்கள், வைத்தியம் மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். வயதில் வரும் இந்த ப்ராஸ்டேட் சுரப்பி வீக்கம் கேன்சராக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே தனித்தனியாக வரலாம். அதற்குத்தான் பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும், டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பதும். கூச்சம் வேண்டாம், அரை நிமிட வேலை. பி.எஸ்.ஏ. சற்று ஏறியிருந்தாலும் பதறாதீர்கள். வெறும் வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட ஏறும்.

இளவயதில் 20 கிராம் அளவில் இருக்கும் சுரப்பி இது. சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பதால் வளர வளரக் குழாயை நெருக்குகிறது. ஆனாலும் 80 கிராமோடு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு, 30 கிராமில் திண்டாடுகிறவர்களும் உண்டு. நான் கிராமைவிட, தங்கும் அளவைத்தான் பார்ப்பேன். உங்கள் 60 மில்லி பயப்படும் அளவல்ல.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ராத்திரி எழுப்புவதில் அதற்கும் பங்குண்டு, பார்த்துவிடுங்கள்.

முதலில் மாத்திரைதான். டாம்சுலோசின் சில நாட்களிலேயே வழியைத் தளர்த்தும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சுரப்பியையே சுருக்கும் ஃபினாஸ்டரைடுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், அது பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

மாத்திரைக்கு அடங்காமல் அடிக்கடி அடைப்பு, தொற்று, ரத்தம், சிறுநீரகப் பாதிப்பு என்று போனால்தான் ஆபரேஷன். அதிலும் பெரும்பாலும் வயிற்றைக் கிழிப்பதில்லை, குழாய் வழியாகவே போய்ச் செதுக்குவார்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இதற்கென்று சிறுநீரியல் (யூராலஜி) பிரிவே இருக்கிறது.

மழைக்காலத்தில் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் சளி மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அதைப் போட்டுவிட்டுச் சுத்தமாக அடைத்துக்கொண்டு, ராத்திரியில் டியூப் போட ஓடிவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி அடைத்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பகலில் குடியுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபியோடு சேர்த்துக் குறையுங்கள். பஸ் ஏறும் முன் ஒரு தடவை போய்விட்டு, ஒரு நிமிடம் நின்று மறுபடி ஒரு தடவை முயலுங்கள். புதுச்சேரி பக்கம்தானே.