ஆற்றங்கரைக்கும் வங்கிக்கும் ஆங்கிலத்தில் ஏன் ‘பேங்க்’ என்ற ஒரே பெயர்?

இரண்டும் தூரத்து உறவுதான். பணம் சார்ந்த ‘பேங்க்’, இத்தாலிய ‘பாங்கா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பாங்கா என்றால் பலகை. நாணயம் மாற்றுவோர் அதன்மேல் காசைப் பரப்பித் தொழில் செய்தார்கள். நம் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி எனப்பட்ட கடைவீடுகளில் செட்டியார்கள் தரையில் அமர்ந்து, தாழ்வான சிறு மேசையை முன்னே வைத்துக் கடன் கொடுத்ததை நினைத்துப் பாருங்கள், உடனே புரியும். காசைப் பரப்பிய பலகையே தொழிலுக்குப் பெயரானது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கரையைக் குறிக்கும் சொல் ஸ்காண்டிநேவிய வழியில் வந்தது; மேடு என்று பொருள். பாங்காவும் ஜெர்மானிய மொழியிலிருந்து இத்தாலியம் இரவல் வாங்கியதே என்பதால், வேர் ஒன்றுதான்.

‘ரத்த வங்கி’ மிகப் பிந்தியது: 1937இல் சிகாகோவில் மருத்துவர் பெர்னார்ட் ஃபான்டஸ் சூட்டிய பெயர்.