ஆச்சார்யா சுட்டிய கூட்டல் பிழை

கேள்வி: ஊழல் வழக்கில் நெருக்கடிக்கு நடுவிலும் உறுதியாக நின்ற அரசு வழக்கறிஞர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

பதில்: பி.வி. ஆச்சார்யாவைச் சொல்வேன். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்த அவர், கர்நாடக அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவியா, இந்த வழக்கா என்ற நிலை வந்தபோது, 2012-இல் பதவியையே துறந்தார். நெருக்கடி தொடரவே, அதே ஆண்டில் வழக்கிலிருந்தும் விலக நேர்ந்தது. 2014-இல் விசாரணை நீதிமன்றம் ஜெயலலிதா உட்பட நால்வருக்குத் தண்டனை விதித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டின் கடைசிக் கட்டத்தில், 2015-இல் திரும்பி வந்தவருக்கு எழுத்துபூர்வ வாதத்துக்கு மட்டுமே இடம் கிடைத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. அத்தீர்ப்பில் அவர்களின் வருமானத்தோடு சேர்க்கப்பட்ட கடன் பட்டியலின் கூட்டுத்தொகை ரூ.10.67 கோடிதான் வரும், ஆனால் ரூ.24.17 கோடி எனப் பதிவாகியிருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அவருடைய பணியில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஜெயலலிதா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால், மற்ற மூவரும் சிறை சென்றனர்.