வாங்கி ஏமாந்த மேக்கப்: வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: வாங்கினேன், சரியில்லை, இனி என்ன செய்வது? குறை சொல்லி எழுதியவர்களின் கடிதங்களிலிருந்து கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டேன். ஒருவர் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும் அதே பொருள் இன்னொருவர் முகத்தில் அழகாக உட்காரும். மாற்றாக எதை வாங்கலாம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் பெயர் சொல்கிறேன். விலையெல்லாம் குத்துமதிப்பு.

பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருந்த காஜல், காலை ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மூன்று பிராண்டு மாற்றிவிட்டேன். — சென்னை வாசகி

நான்காவது மாற்றினாலும் இறங்கும். இமை விளிம்பின் ஈரப்பகுதியில் கண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அங்கே எந்தக் காஜலும் நாள் முழுக்க நிற்காது. அதற்குமேல் சென்னைப் புழுக்கம், கண்ணுக்குக் கீழே காலையில் தடவிய க்ரீம். க்ரீமைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சமாகப் போடுங்கள். காஜல் போடுமுன் அந்த இடத்தை டிஷ்யூவால் ஒற்றி, மிக லேசாக பவுடர் வையுங்கள்.

பென்சில் வகையில் லாக்மே ஐகானிக், மேபலின் கொலோசல் இரண்டுமே நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பரவாயில்லை. 200, 300 ரூபாய்க்குள் கிடைக்கும். கீழிமையில் போட்டபின் அதன்மேல் அடர் பழுப்பு ஐ ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. டப்பாவில் வரும் குழைந்த மையும், வீட்டில் விளக்கெண்ணெய் விட்டுச் செய்த மையும் கட்டாயம் பரவும். எண்ணெயின் குணம் அது. மேலிமைக்கு ஜெல் லைனர் வாங்குங்கள், அது நகராது.

எந்த ஃபவுண்டேஷன் நல்லது? — ஊர் குறிப்பிடவில்லை

ஊரை மட்டுமா குறிப்பிடவில்லை? எண்ணெய்ச் சருமமா, வறண்டதா, நிறம் என்ன, எவ்வளவு செலவு செய்யலாம், தினசரிக்கா, விசேஷத்துக்கா, எதுவுமே இல்லை. இப்படிக் கேட்டால் கடைக்காரர் சொல்வதுதான் பதில் என்று ஆகிவிடும். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

700 ரூபாய் ஃபவுண்டேஷன், போட்ட ஒரு மணி நேரத்தில் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. நான் மாநிறம். ஷேடை கடைப் பெண்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். பிராண்டை மாற்றட்டுமா? — மதுரை வாசகி

பிராண்டை விடுங்கள், ஷேடை மாற்றுங்கள். உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பானதைக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலைப் பார்க்காமலே இதைச் சொல்ல முடிகிறது. ஏனென்றால் மாநிறப் பெண்கள் எழுதும் கடிதங்களில் பத்துக்கு எட்டு இதே கதை.

கடைப் பெண்ணை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கவுண்டருக்கு வருகிறவர்களே "கொஞ்சம் கலரா காட்டுற மாதிரி குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பெண்ணை உட்காரவைத்து நான் பிரஷ்ஷை எடுக்கும்போது, பின்னால் நிற்கும் அத்தையோ பெரியம்மாவோ "இன்னொரு கோட்டிங் குடும்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்பார். அந்தப் பெண் கண்ணாடியில் தன் முகத்தையே தேடிக்கொண்டிருப்பாள். இருபத்தைந்து வயதுவரை அவள் சுமந்த பேச்சு போதாதென்று, முகூர்த்த நேரத்திலும் அவள் நிறத்தை அழித்துக் காட்ட வேண்டுமா? இதில் நான் யாருக்காகவும் இறங்கிவருவதில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த வீடுகளும் உண்டு.

சாம்பல் ஏன் பூக்கிறது என்றால், வெளிர் ஷேடுகளில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி கூடுதல். நம் தோலின் அடிச்சாயல் மஞ்சளும் பொன்னிறமும். அதன்மேல் வெள்ளை மெல்லியதாகப் படர்ந்தால் கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து அங்கங்கே கலைந்தபின் இன்னும் மோசம்: கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், காது வேறொரு நிறம்.

கம்பெனிகளும் இதற்குப் பொறுப்பு. ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ஆனால் கடை அலமாரிகளில் அடர் ஷேடுகளின் இடம் இன்றும் ஓரத்தில்தான். 2017ல் ஃபென்டி பியூட்டி முதல் நாளிலேயே 40 ஷேடுகளோடு வந்தது; அடர்நிறப் பெண்கள் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்பது அதன்பிறகுதான் மற்ற கம்பெனிகளுக்கு உறைத்தது. நம் ஊர்களில் கேட்டால் "டார்க் ஷேடு மூவ் ஆகாது மேடம்" என்கிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்கு மேல் அந்த நிறம்தான். அலமாரியில் இல்லாததை யார் வாங்க முடியும்? நீங்கள் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காமல் வெளியே வாருங்கள். அடுத்த ஆர்டரில் வரவழைப்பார்கள்.

உங்களுக்கு மாற்று: மேபலின் ஃபிட் மீ மேட் வகையில் 330 டாஃபி, 332 கோல்டன் கேரமல் இரண்டையும் போட்டுப் பாருங்கள். இன்னும் அடர்ந்த நிறத்துக்கு 355 கோகனட், 360 மோக்கா இருக்கின்றன. சிறிய ட்யூப் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள், பெரிய பாட்டில் வேண்டாம். கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் மேக் ஸ்டுடியோ ஃபிக்ஸில் என்சி 42 முதல் 45 வரை பாருங்கள். என்சி வரிசை பொன்சாயல், என்டபிள்யூ வரிசை ரோஸ் சாயல். நம்மில் பெரும்பாலோர் என்சி.

சோதிக்கும் முறையை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது: புறங்கையில் தடவாதீர்கள். தாடை எலும்பில் மூன்று ஷேடுகளை மூன்று கோடாகப் போட்டு, கடை விளக்கை விட்டு வாசலுக்கு வந்து, வெயிலில் பாருங்கள். அரை மணி நேரம் அப்படியே இருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் சருமத்தின் எண்ணெயோடு கலந்தபின் ஒரு ஷேடு கறுக்கும். அரை மணி கழித்து எந்தக் கோடு காணாமல் போகிறதோ, அதுதான் உங்களுடையது.

பழைய பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். அதே கம்பெனியின் அதே வகையில் அடர் ஷேடு ஒன்று வாங்கி, கையில் கலந்து தீர்த்துவிடுங்கள்.

மேக்கப் கலைக்க வைப்ஸ் போதுமா? தேய்த்துத் தேய்த்து முகம் எரிகிறது. — ஈரோடு வாசகி

போதாது. பஸ் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மைசெல்லர் வாட்டரைப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் வைத்துவிட்டுத் துடையுங்கள், பிறகு ஃபேஸ் வாஷ். தேங்காய் எண்ணெய்கூட நன்றாகக் கலைக்கும், பரு வராத முகமாக இருந்தால்.

செட்டிங் ஸ்ப்ரே என்று வாங்கியது வெறும் பன்னீர் வாசனைத் தண்ணீராக இருக்கிறது. மேக்கப் நிற்கவே இல்லை. — கோவை வாசகி

பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? தண்ணீர், கிளிசரின், ரோஜா சாறு, வாசனை என்று அதோடு முடிந்தால் அது முகத்துக்கு ஈரம் தரும் ஸ்ப்ரே. பவுடர் மாவாகத் தெரிவதை அது சரிசெய்யும், மேக்கப்பைப் பிடித்து நிறுத்தாது. நிறுத்துவதற்குப் படலம் அமைக்கும் பொருள் வேண்டும்: பிவிபி, அல்லது அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அர்பன் டிகே ஆல் நைட்டர் நன்றாக நிற்கும், ஆனால் விலை ஆயிரங்களில். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் சின்ன பிராண்டுகளிலேயே இந்தப் பெயர்கள் பின்பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமே இல்லை.

என் நாத்தனார் கல்யாணத்தில் நேரில் நன்றாக இருந்த முகம், போட்டோவில் கண்ணுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வந்திருக்கிறது. — தஞ்சாவூர் வாசகி

ஹெச்டி பவுடர் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது சிலிகா. நேரில் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கல்யாணத்துக்கு நிறமுள்ள பவுடர் வாங்குங்கள். பென் நை பனானா பவுடர் நம் நிறத்துக்கு அருமையாக உட்காரும். கருவளையத்துக்கு நேரடியாக வெளிர் கன்சீலர் வேண்டாம், முதலில் கருமையைச் சமன்செய்யும் எல்.ஏ. கேர்ள் ஆரஞ்சு கரெக்டர் ஒரு துளி, அதன்மேல் உங்கள் நிறத்துக் கன்சீலர். மண்டபத்துக்குக் கிளம்புமுன் செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

நடைபாதைக் கடையில் மேக் லிப்ஸ்டிக் 150 ரூபாய்க்கு வாங்கினேன். உதடு அரிக்கிறது. ஒரிஜினல்தானே? — சென்னை வாசகி

இல்லை. இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை 150க்கு யாரும் தர மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். உதடு அரித்தபின்னும் "தானே?" என்று கேட்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இன்றே குப்பையில் போடுங்கள். இறக்குமதியாகும் எந்த அழகுசாதனத்திலும் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் சொல்வது இது. பின்பக்கத்தைப் படியுங்கள் என்று மாதா மாதம் நான் எழுதுவது இதற்காகத்தான். 150 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல் 18 வாங்குங்கள், இன்சைட் வாங்குங்கள். பெரிய பெயரின் போலியைவிட சின்னப் பெயரின் அசல் எத்தனையோ மேல். உதட்டில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகிறது.

லிக்விட் மேட் லிப்ஸ்டிக் சாப்பிட்டதும் உதட்டின் நடுவில் உரிந்து வருகிறது. — நாகர்கோவில் வாசகி

ஒரே ஒரு கோட் போடுங்கள். இரண்டு, மூன்று போட்டால் எதுவும் உரியும். மேபலின் சூப்பர்ஸ்டே மேட் இங்க் நல்ல மாற்று. இரவில் எண்ணெய் வைத்துத்தான் கலைக்க வேண்டும். வெளிர் நியூட் ஷேடு மட்டும் வேண்டாம், நம் உதட்டில் நோயாளிக் களை தரும். செங்கல், பழுப்பு ரோஸ், மெரூன் பக்கம் வாருங்கள்.

மகளுக்கு அரங்கேற்றம். ஒத்திகையில் போட்ட பான்கேக் அரை மணியில் வெடித்து வழிந்தது. — கும்பகோணம் வாசகி

இரண்டரை மணி நேரம் ஆடும் பெண்ணுக்கு, தண்ணீர் தொட்டுப் பூசும் பான்கேக் மட்டும் தாங்காது. கிரையோலன் டிவி பெயின்ட் ஸ்டிக் எடுங்கள், குழந்தையின் நிறத்திலேயே. மேடை விளக்குக்கு வெளுப்பாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளுத்த முகத்தில் அபிநயம் எடுபடாது, புருவமும் கண்ணும்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஸ்டிக்கை நேரடியாக முகத்தில் இழுக்காமல், நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். மேலே டிரான்ஸ்லூசன்ட் பவுடரை நிறைய அழுத்தி வைத்து, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். கடைசியில் ஃபிக்சிங் ஸ்ப்ரே. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குத்துவிளக்குக்குத் தள்ளி நின்று அடியுங்கள், அது எளிதில் தீப்பற்றும். கழுத்து, காது, கை எல்லாம் அதே நிறம். இடைவேளையில் வியர்வையைத் துடைக்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பிரைமர் போட்டால் ஃபவுண்டேஷன் அழுக்கு உருட்டுவது மாதிரி உருண்டு வருகிறது. — சேலம் வாசகி

ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் உங்கள் பிரைமர் சிலிகான் அடிப்படை, ஃபவுண்டேஷன் தண்ணீர் அடிப்படை. இரண்டும் ஒட்டாது. பிரைமரின் பின்பக்கத்தில் 'கோன்' என்று முடியும் பெயர்கள் முதலில் வந்தால் ஃபவுண்டேஷனிலும் அப்படி வரவேண்டும். உண்மையைச் சொன்னால் தினசரிக்குப் பிரைமரே தேவையில்லை. நல்ல ஜெல் சன்ஸ்கிரீன் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு மேக்கப் போடுங்கள்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த க்ரீமில் முகம் பத்தே நாளில் வெளுத்தது. நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கிறது. டப்பாவில் பெயரைத் தவிர எதுவும் இல்லை. — காரைக்குடி வாசகி

பின்பக்கமே இல்லாத டப்பா. இதற்கு மாற்றுப் பொருள் சொல்ல மாட்டேன், தோல் மருத்துவரிடம் போங்கள், டப்பாவையும் எடுத்துக்கொண்டு. இவ்வளவு வேகமாக வெளுத்தால் பாதரசமாக இருக்கலாம், ஸ்டீராய்டாக இருக்கலாம். ஸ்டீராய்டு என்றால் எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பாதரசம் என்றால் பாதிப்பு தோலோடு நிற்காது, சிறுநீரகம்வரை போகும். மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பலர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை நடத்தியது. உங்களுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாரும் அந்த டப்பாவைத் தொட வேண்டாம்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் தழும்பு. வேறு கம்பெனிப் பொட்டு வாங்கலாமா? — விருதுநகர் வாசகி

எந்தக் கம்பெனி ஸ்டிக்கரும் வேண்டாம். சில பொட்டுப் பசைகளில் இருக்கும் பியூட்டைல் ஃபீனால் வகை ரசாயனம் நிறம் தரும் செல்களை அழிக்கும். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு, தள்ளிப்போட்டால் பரவலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றபிறகு ஐடெக்ஸ் மாதிரி திரவப் பொட்டோ, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமமோ வைக்கலாம். அதையும் முதலில் முழங்கைக்கு உட்புறம் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, தழும்பு இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளி வையுங்கள்.